பெரிய ட்ராம்போனிலிருந்து சின்னதற்கு: மூச்சு, ஸ்லைடு, கடைசியில் மவுத்பீஸ்

கேள்வி: எட்டு வருடமாக எஃப் அட்டாச்மெண்ட் (கட்டைவிரல் டிரிகரால் திறக்கும் கூடுதல் குழாய்) உள்ள பெரிய டெனர் ட்ராம்போன் வாசிக்கிறேன். உட்துளை 0.547 அங்குலம், மவுத்பீஸ் பாக் கம்பெனியின் 5ஜி. இப்போது ஒரு பிக் பேண்டில் (பெரிய ஜாஸ் குழு) சேர்ந்திருப்பதால் 0.500 அங்குல உட்துளை உள்ள பழைய சின்ன ட்ராம்போன் ஒன்றை வாங்கினேன். என் மவுத்பீஸ் அதில் நுழையவில்லை. அதனுடன் வந்த 12சியில் ஊதினால் சத்தம் மெலிந்து கத்துகிறது. அரை மணியில் உதடு மரத்துவிடுகிறது. மேல் சுரங்கள் சுருதி ஏறிப்போகின்றன. 5ஜியே சின்ன ஷாங்கில் (கருவிக்குள் செருகும் தண்டு) கிடைக்கிறதாமே, அதையே வாங்கிவிடலாமா?

பதில்:

அவசரமாக இருக்கிறீர்கள் என்றால் இவ்வளவு போதும்: 5ஜியைச் சின்ன ஷாங்கில் வாங்க வேண்டாம். பாக் 6½ஏஎல் அளவில் சின்ன ஷாங்க் உள்ள ஒன்றை வாங்கி, ஆறு வாரம் வேறு எதையும் தொடாமல் வாசியுங்கள். 12சியைத் தூக்கிப் போட வேண்டாம், பெட்டியிலேயே கிடக்கட்டும்.

நேரம் இருந்தால் தொடர்ந்து படியுங்கள். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் பாதிதான் மவுத்பீஸால் வருகிறது என்று நினைக்கிறேன். மீதிப் பாதி உங்கள் மூச்சு. மூச்சை மாற்றாமல் மவுத்பீஸை மாற்றினால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். எட்டாம் நாள் பழைய கத்தல் திரும்ப வரும். இதை நான் இரண்டு வருடம், ஏழு மவுத்பீஸ் செலவழித்துத் தெரிந்துகொண்டேன். கடைசியில் நிலைத்தது அந்த ஏழில் இரண்டாவதாக வாங்கியது.

முதலில் எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று பார்ப்போம். குழாயின் நீளம் மாறவில்லை. இரண்டுமே பி ஃபிளாட் ட்ராம்போன், இரண்டும் ஏறக்குறைய 2.7 மீட்டர். அதனால் ஏழு பொசிஷன்களும் (ஸ்லைடை நிறுத்தும் இடங்கள்) அவற்றின் சுரங்களும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. மாறியது விட்டம். 0.547 அங்குலம் என்பது 13.9 மில்லிமீட்டர், 0.500 என்பது 12.7. ஒன்றேகால் மில்லிமீட்டர்கூட இல்லை, இதற்கா இத்தனை பாடு என்று தோன்றும். ஆனால் காற்று போவது விட்டத்தின் வழியாக அல்ல, பரப்பின் வழியாக. பரப்பைக் கணக்கிட்டால் உங்கள் பழைய குழாய் புதியதைவிட ஏறக்குறைய 20 சதவீதம் பெரியது. ஒலி வெளிவரும் அகன்ற வாயான பெல்லும் அப்படித்தான். பெரியதில் எட்டரை அங்குலம் வழக்கம். சின்னதில் ஏழரையிலிருந்து எட்டு வரை.

'சின்னது' என்பதும் ஒரே அளவு இல்லை. கிங் 2பியில் ஸ்லைடின் ஒரு கால் 0.481, மற்றது 0.491. கான் 6எச் 0.500. கிங் 3பி 0.508. பாக் 36 போன்றவை 0.525, அவை நடுத்தரம். ஒருவர் "என் சின்ன ட்ராம்போனில் இந்த மவுத்பீஸ் அற்புதம்" என்று சொன்னால், எந்தச் சின்னது என்று முதலில் கேளுங்கள். 0.525இல் அழகாக உட்காரும் ஒரு மவுத்பீஸ் கிண்ணம் 0.481இல் மூச்சு முட்டும்.

இனி மூச்சு. பெரிய ட்ராம்போன் வாசித்துப் பழகியவர் சின்னதை எடுத்தவுடன் செய்வது ஒன்றுதான்: அதே அளவு காற்றை அதே வேகத்தில் அனுப்புவது. சின்னக் குழாய் அதை ஏற்காது. கருவி நம்மைத் திருப்பித் தள்ளுவது போலத் தோன்றும். உடனே நாம் என்ன செய்கிறோம்? இன்னும் அழுத்துகிறோம். அழுத்தம் கூடக்கூட உதடு இறுகும், மவுத்பீஸை முகத்தோடு சேர்த்து அமுக்குவோம், உதடு மரத்துப்போகும், சுரம் ஏறும். நீங்கள் பட்டியலிட்ட குறைகள் எல்லாமே இந்த ஒரு சங்கிலியில் வந்துவிடுகின்றன, 12சி இல்லாமலே.

கத்தலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பலமாக ஊதும்போது குழாய்க்குள் போகும் அழுத்த அலையின் முன்பக்கம், அகலம் மாறாத நீளக் குழாயில் போகப்போகச் செங்குத்தாகிக்கொண்டே வரும். அப்படிச் செங்குத்தான அலையில்தான் அந்த உலோகப் பளபளப்பு, பித்தளைக் கீறல் பிறக்கிறது. ட்ராம்போனின் ஸ்லைடு அப்படி அகலம் மாறாத குழாய் என்பதால் பல பித்தளைக் கருவிகளைவிட இதில் இது அதிகம். குழாய் ஒடுங்கினால் அதே சத்தத்துக்கு உள்ளே அழுத்தம் கூடும், கீறலும் சீக்கிரம் வந்துவிடும். பெரியதில் ஃபோர்ட்டிஸிமோவில் (மிகப் பலமாக) வருகிற ஒலி, சின்னதில் ஃபோர்ட்டேயிலேயே (பலமாக) வந்து நிற்கும். பிக் பேண்டில் சின்ன ட்ராம்போனை விரும்புவதற்கும் அதுதான் காரணம்: பத்துப் பேர் பித்தளை ஊதும் நடுவில் அந்தக் கூர்மை வெட்டிக்கொண்டு கேட்கும். ஆக, உங்களுக்குக் குறையாகத் தெரிகிற குணத்துக்காகத்தான் அந்தக் கருவியை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். அது எப்போது வர வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் தீர்மானிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு பயிற்சி. பாஸ் கிளெஃபில் இரண்டாம் கோட்டு பி ஃபிளாட்டை எடுங்கள். கேட்கிறதா இல்லையா என்கிற அளவில் தொடங்கி, ஒரே மூச்சில் மெல்ல வளருங்கள். ஒலியில் முதல் கீறல் எட்டிப் பார்க்கும் இடம் வரும். அங்கே நிறுத்தாமல், ஒரு நூலிழை பின்வாங்கி, அந்த அளவிலேயே பிடியுங்கள். பிறகு நான்காம் கோட்டு எஃப், அடுத்து கோடுகளுக்கு மேலே உள்ள பி ஃபிளாட். பத்து நிமிடம், அவ்வளவுதான். இரண்டு வாரம் இந்த எல்லையைத் தாண்டாதீர்கள், ஒத்திகையிலும். பக்கத்தில் உட்காருபவர் "ஏன் அடக்கி வாசிக்கிறாய்?" என்று கேட்டால், நல்லதுக்குத்தான் என்று சொல்லிவிடுங்கள். கைபேசியை நான்கைந்து மீட்டர் தள்ளி வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். சின்ன ட்ராம்போன் வாசிப்பவர் காதில் மெல்லியதாகவும், எதிரே இருப்பவர் காதில் பெரியதாகவும் கேட்கும். பெரியதில் இது பாதி தலைகீழ்; உங்களைச் சுற்றி ஒலி நிறைந்திருக்கும். இந்த ஏமாற்றத்தில்தான் பலர் தேவையில்லாமல் அழுத்திவிடுகிறார்கள்.

மூச்சைக் குறைக்கச் சொல்கிறேன் என்று நெஞ்சை இறுக்கிக்கொள்ளாதீர்கள். உள்ளே இழுப்பது முழுமையாகவே இருக்கட்டும். வெளியே விடுவதில்தான் அளவு. நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டு, அதில் கொஞ்சத்தை மட்டும் செலவழிக்கிற பழக்கம் பெரிய ட்ராம்போன்காரருக்கு விசித்திரமாக இருக்கும். ஒரு சொற்றொடர் முடியும்போது நுரையீரலில் மிச்சம் இருக்கும். அதன்மேல் புதிதாக இழுத்தால் மூச்சு தேங்கித் திணறும். அப்போது மிச்சத்தை மூக்கு வழியாக விட்டுவிட்டுப் புதிதாக எடுங்கள்.

நாக்கும் அப்படியே. பெரிய குழாயை அசைக்க அடித்துத் தொடங்கிப் பழகியிருப்பீர்கள். சின்னதில் அந்த அடி 'ட்டப்' என்று வெடிக்கும். தமிழ் பேசுபவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 'த' சொன்னால் நாக்கு பல்லைத் தொடும். 'ட' சொன்னால் மடிந்து அண்ணத்துக்குப் போகும். இரண்டும் இதற்கு உதவாது. 'ன' சொல்லும்போது, மேல் பல்லுக்குப் பின்னால் ஈறு மேடாக இருக்கும் இடத்தை நாக்கு தொடுகிறது பாருங்கள், அந்த இடம்தான் வேண்டும். அங்கிருந்து, காற்றை மூக்கு வழியாக விடாமல், மென்மையாகத் தொடங்கினால் வருவதுதான் நாம் தேடும் தொடக்கம்.

ஸ்லைடு பற்றி. எஃப் அட்டாச்மெண்ட் போய்விட்டது, இடது கட்டைவிரலுக்கு வேலை இல்லை. முதல் வாரம் அது காற்றில் எதையோ தேடிக்கொண்டே இருக்கும், எனக்கும் தேடியது. இரண்டாம் இடைவெளி சி-யை டிரிகர் அழுத்தி முதல் பொசிஷனில் எடுத்தவருக்கு அது இப்போது ஆறாவதில். அதற்குக் கீழே பி நேச்சுரல் ஏழாவதில், கை முழுக்க நீள வேண்டும். அடி எஃப்பும் ஆறாவதில்தான். அடி ஈ-க்குக் கீழே, முதல் பொசிஷனின் அடித்தளச் சுரமான பெடல் பி ஃபிளாட் வரும்வரை ஐந்து சுரங்கள் சாதாரணமாகக் கிடைக்கவே கிடைக்காது. உங்கள் தாளில் அந்தச் சுரங்கள் வந்தால் அது உங்கள் பாகம் இல்லை, பாஸ் ட்ராம்போன்காரரின் பாகம்.

இழப்புக்கு ஈடும் உண்டு. ஸ்லைடு இலேசு. டிரிகர் இல்லாதவர் மாற்றுப் பொசிஷன்களை நம்பித்தான் ஆக வேண்டும், அவையோ சின்ன ட்ராம்போனில் சுத்தமாகப் பேசும்: நான்காம் கோட்டு எஃப் ஆறாவதில், மேல் பி ஃபிளாட் ஐந்தாவதில், அதற்கு மேல் டி நான்காவதில். வேகமான ஜாஸ் வரிகளில் கை ஒரே திசையில் போய்க்கொண்டே சுரங்கள் மாறும் அந்த வித்தை இதில்தான் பிறக்கிறது. தினமும் ஒரு மேஜர் ஸ்கேலை, முதல் பொசிஷனையே தொடாமல் வாசித்துப் பாருங்கள்.

பெல்லின் விளிம்பைக் கண்ணால் பார்த்து மூன்றாவது, நான்காவது பொசிஷனை வைப்பவராக இருந்தால் அதை மறந்துவிடுங்கள். இந்தக் கருவியில் பெல் வேறு இடத்தில் முடியும். காதை நம்புங்கள். பல ட்ராம்போன்களில் முதல் பொசிஷனில் மேலே உள்ள எஃப் கொஞ்சம் ஏறி நிற்கும். அதற்குக் கீழ் டி கொஞ்சம் இறங்கும். ஹார்மோனிக்குகளில் (ஸ்லைடை அசைக்காமல் உதட்டால் மட்டும் எடுக்கும் சுர வரிசை) ஏழாவதான ஏ ஃபிளாட் 31 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, இறங்கி இருக்கும், அதனால்தான் அதற்கு அடுத்த ஜி-யை இரண்டாவதிலிருந்து உள்ளே இழுத்து எடுக்கிறோம். இவை எந்த ட்ராம்போனுக்கும் பொது. ஆனால் எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்பது கருவிக்குக் கருவி, மவுத்பீஸுக்கு மவுத்பீஸ் வேறு. ஒரு தம்புராச் செயலியில் பி ஃபிளாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு ஹார்மோனிக்கையும் அதன்மேல் வைத்துக் கேட்டு, தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் பிறகு மவுத்பீஸ் தேர்வில் கைகொடுக்கும்.

எடைச் சமநிலையும் மாறும். வால்வும் அதன் குழாயும் தோளுக்குப் பின்னால் கனமாக இருந்தன. இப்போது அது இல்லாததால் கருவி முன்பக்கம் சாயும். அதைத் தாங்க மவுத்பீஸை உதட்டில் அழுத்திக் கோணத்தை மாற்றிவிடுவோம், நமக்கே தெரியாமல். கண்ணாடி முன் நின்று பாருங்கள். பழைய கோணத்தைவிட இறங்கியிருந்தால், வளைவின் குறுக்குக் கம்பியில் மாட்டுகிற எதிரெடை ஒன்றைப் போடலாம்.

இப்போது மவுத்பீஸுக்கு வருவோம். அதில் முதல் விஷயம் ஷாங்க், அதாவது கருவிக்குள் போகும் தண்டு. டெனர் ட்ராம்போன்களில் சின்ன ஷாங்க், பெரிய ஷாங்க் என்று இரண்டு வகைதான் பெரும்பாலும் புழக்கத்தில் உள்ளன. சில பழைய ஐரோப்பியக் கருவிகளில் இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு உண்டு. உங்கள் 5ஜி பெரிய ஷாங்க், புதிய கருவி சின்னது. சின்ன ஷாங்க் மவுத்பீஸைப் பெரிய கருவியில் போட ஒரு அடாப்டர் வளையம் இருக்கிறது. பெரியதைச் சின்னதில் போட எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. அழுத்திப் பார்க்காதீர்கள். அப்படி அழுத்திய ஒருவனைத் தெரியும், நான்தான். மவுத்பீஸ் சிக்கி, புல்லர் வைத்து எடுக்கும்போது, மவுத்பீஸ் செருகும் முதல் குழாயான லீட்பைப்பே கழன்று வந்தது.

சரியான ஷாங்க் எப்படித் தெரியும்? மெதுவாகச் செருகி, ஒரு சின்னத் திருகு. ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் உள்ளே போய் நிற்க வேண்டும். பிறகு கிண்ணத்தைப் பிடித்து இருபுறமும் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சமும் ஆடக் கூடாது. ஆடினால் சரிவு பொருந்தவில்லை என்று அர்த்தம். ஒலி எவ்வளவு பிடித்திருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, எண்களின் குழப்பம். பாக், டெனிஸ் விக் இரண்டிலும் எண் சின்னதானால் கிண்ணம் பெரியது. ஷில்கி, யமஹாவில் தலைகீழ்: எண் பெரியதானால் கிண்ணம் பெரியது. பாக்கில் எழுத்து சி என்றால் ஆழம் குறைவு, ஏ என்றால் ஆழம் அதிகம், ஜி பெரிய கருவிகளுக்கான ஆழ வகை. விக்கில் கடைசி எழுத்து எல் என்றால் பெரிய ஷாங்க், எஸ் என்றால் சின்னது. இவை தெரியாமல் பெட்டியின் எண்ணை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம். ஒவ்வொரு தயாரிப்பாளரும் விட்டத்தைக் கிண்ணத்துக்குள் வெவ்வேறு ஆழத்தில் அளக்கிறார்கள் என்பதால் மில்லிமீட்டர் எண்களையும் கல்லில் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உதடு சொல்வதே கடைசித் தீர்ப்பு.

அந்த எண்களை வைத்தே பார்த்தாலும் உங்கள் பிரச்சினை புரியும். 5ஜி 25.5 மில்லிமீட்டர். 12சி சுமார் 24.5. ஒரு மில்லிமீட்டர் என்பது உதட்டின் அதிரும் பரப்பில் எட்டு சதவீதம். எட்டு வருடம் ஒரு வட்டத்துக்குள் அசைந்து பழகிய சதையை, திடீரென்று எட்டு சதவீதம் சின்ன வட்டத்துக்குள் அடைத்திருக்கிறீர்கள். விளிம்பு புது இடத்தில் அமுக்குகிறது. நெரியாமல் என்ன செய்யும்?

6½ஏஎல்லின் விட்டம் 25.4. உதட்டுக்கு இது பழைய வீடு. கிண்ணமும், அதன் அடியில் உள்ள குறுகிய துளையான தொண்டையும் 5ஜியைவிட அடக்கம். அதனால்தான் பெரிய ட்ராம்போனிலிருந்து வருபவர்களுக்கு நான் முதலில் இதையே சொல்வேன். டெனிஸ் விக் 6பிஎஸ், யமஹா 48 இவையும் அதே சுற்று வட்டாரம். எது கையில் கிடைக்கிறதோ அது. இவற்றுக்குள் உள்ள வித்தியாசத்தை உங்கள் சின்ன ட்ராம்போன் அனுபவம் இன்னும் கண்டுபிடிக்காது.

அப்படியானால் விளிம்பு அச்சாக அதே என்று 5ஜியையே சின்ன ஷாங்கில் வாங்கினால் என்ன? பலர் வாங்குகிறார்கள், உதட்டுக்குச் சுகமாகவும் இருக்கும். ஆனால் மவுத்பீஸ் என்பது உதடு வைக்கிற மேடை மட்டும் அல்ல. அதன் கிண்ணமும் தொண்டைக்குப் பின்னால் உள்ள பேக்போரும் சேர்ந்த மொத்தக் கொள்ளளவு, கருவியின் தொடக்கப் பகுதிக்கு ஈடாக இருக்க வேண்டும். அது தேவைக்கு மேல் பெரிதானால் மேல் ஹார்மோனிக்குகள் இறங்கும், கீழே உள்ளவை பெரிதாக மாறாது. மேல் பி ஃபிளாட்டைத் தூக்கிப் பிடிக்க உதடு வேலை செய்துகொண்டே இருக்கும், ஒலியின் நடு கலைந்து மூடுபனி போலாகிவிடும். சின்ன ட்ராம்போனின் தெளிவும் போச்சு, பெரியதன் ஆழமும் வரவில்லை. கிண்ணம் தேவைக்கு மேல் ஆழம் குறைந்தால் எதிர்ப்பக்கம்: மேல் சுரங்கள் ஏறும், கீழ்ப் பகுதி மெலியும். உங்கள் 12சியில் நடப்பதில் கொஞ்சம் இது, மிச்சம் அழுத்தம். எது எவ்வளவு என்று பிரிக்க, மேலே சொன்ன பயிற்சியை 12சியிலேயே ஒரு வாரம் செய்து ஹார்மோனிக் தாளை மறுபடி எழுதிப் பாருங்கள். ஏற்றம் பாதியாகக் குறைந்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

12சி மோசமான மவுத்பீஸ் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாணவர் கருவிகளோடு கூடவே வருவதால் அதற்கு ஒரு மலிவுப் பேர் ஒட்டிக்கொண்டது. லீட், அதாவது முதல் ட்ராம்போன் பாகம் வாசிப்பவர்களில் பலர் 11சி, 12சி அளவிலேயே வாழ்நாள் முழுக்க வாசிக்கிறார்கள். அவர்கள் உதடு அந்த வட்டத்தில் வளர்ந்தது. இரவு முழுக்க உயரத்தில் வாசிக்க வேண்டிய நாற்காலி உங்களுக்கு வந்து, மாதக்கணக்கில் பழகிய பிறகு அந்தப் பக்கம் நகர்வதில் தவறில்லை. நடுவில் 7சி, சுமார் 25 மில்லிமீட்டர், ஒரு படியாக இருக்கும்.

பெரிய ஆர்க்கெஸ்ட்ரா மவுத்பீஸ்களில், 4ஜி அல்லது 3ஜியில், பழகியவர் யாராவது இதைப் படித்தால்: உங்களுக்கு இந்தப் பாலம் நீளம். சின்ன ஷாங்கில் உங்கள் விளிம்பைத் தேடினால் மேலே சொன்ன மூடுபனிதான் கிடைக்கும். விளிம்பு தனியே கழலும் திருகு வகை மவுத்பீஸ்கள் இருக்கின்றன. அதே விளிம்பை வைத்துக்கொண்டு ஆழம் குறைந்த கிண்ணத்தைக் கீழே திருகிக்கொள்ளலாம். இரண்டு கருவியும் தினமும் வாசிப்பவர்களுக்கு இது நல்ல வழி. செலவு அதிகம் என்பதால் முதல் மாதமே அதில் இறங்க வேண்டாம்.

வெள்ளி முலாமா தங்க முலாமா, கனமான உடலா இலேசானதா என்கிற வாதங்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஒன்றே ஒன்று: தொண்டைத் துளையைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது.

இரண்டு மூன்றை இரவல் வாங்கிப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால், எப்படிச் சோதிப்பது? எல்லோரும் செய்யும் தவறு, எடுத்தவுடன் மேல் சுரத்தை ஊதிப் பார்ப்பது. புது மவுத்பீஸில் முதல் நாள் மேல் சுரம் எப்போதும் வரும். விளிம்பு உதட்டின் களைக்காத இடத்தில் உட்காருவதால் வரும் மயக்கம் அது. நான்காம் நாள் போய்விடும். நடுச் சுரங்களில் மெதுவான ஒரு பாட்டு, கேட்கிறதா இல்லையா என்ற அளவில் ஒரு தொடக்கம், எட்டு சுரம் தாவும் ஒரு ஸ்லர், அவ்வளவு போதும். அதையே ஒரு மணி நேரம் வாசித்துக் களைத்த பிறகு மறுபடி. களைத்த உதட்டில் எது இன்னும் பேசுகிறதோ அதுதான் உங்களுடையது. முடிந்தால் ஒரு நண்பரைத் திரும்பி உட்காரவைத்து, எது எது என்று சொல்லாமல் வாசித்துக் கேளுங்கள். மவுத்பீஸ் மாற்றியதில் ஒலி தலைகீழாக மாறியதாக நாம் நினைப்பதில் பெரும்பகுதி அவர் காதுக்கு எட்டவே எட்டாது. கொஞ்சம் வருத்தம் தரும் சோதனை, ஆனால் பணம் மிச்சம்.

மவுத்பீஸைக் குறை சொல்வதற்கு முன் கருவியையும் ஒரு முறை பாருங்கள், பழையது என்கிறீர்களே. ஸ்லைடை மட்டும் கழற்றிப் பூட்டி, ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து, மறுமுனையில் மெதுவாக ஊதுங்கள். காற்று நிற்க வேண்டும். எச்சில் வடியும் சாவியின் கார்க் தேய்ந்திருந்தால் அங்கேதான் முதலில் கசியும். ஒரு சின்னக் கார்க் துண்டு செய்யும் வேலையை எந்த மவுத்பீஸும் செய்யாது.

இரண்டு ட்ராம்போனையும் வாசிப்பவர்கள் எதில் தொடங்குவது என்று கேட்பார்கள். நான் பெரியதில் பத்து நிமிடம் உதட்டைத் திறந்துவிட்டு, பிறகு சின்னதற்குப் போவேன். முடிக்கும்போது ஐந்து நிமிடம் பெரியதில் தாழ்ந்த சுரங்கள். தலைகீழாகச் செய்து நன்றாக வாசிப்பவர்களும் உண்டு. ஒரே நாளில் பத்து தடவை மாறி மாறி எடுப்பதை மட்டும் முதல் மாதத்தில் தவிர்த்துவிடுங்கள்.

காதுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மனதில் உள்ள 'நல்ல ட்ராம்போன் ஒலி' எட்டு வருடம் பெரிய கருவியில் உருவானது. அந்த ஒலியைச் சின்னதிலிருந்து பிழிந்தெடுக்கத்தான் நீங்கள் அழுத்துகிறீர்கள். ஜாஸ் ட்ராம்போன் கலைஞர்களில் டாமி டார்ஸியின் நீளமான மெதுவான வரிகளைக் கேளுங்கள், ஜே. ஜே. ஜான்சனின் சுத்தமான வெட்டுகளைக் கேளுங்கள், அர்பி கிரீனின் மேல் சுரங்களைக் கேளுங்கள். ஒல்லியான ஒலி ஒன்றுமே இல்லை அவற்றில். ஆர்க்கெஸ்ட்ராவிலும் ஒடுங்கிய ட்ராம்போன்தான் பல இடங்களில் நெடுங்காலம் வழக்கம். பிரான்ஸிலும் பிரிட்டனிலும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அப்படித்தான். 1928இல் ராவெலின் பொலேரோவில் அந்த உயரமான ட்ராம்போன் தனி வாசிப்பு எழுதப்பட்டபோது பாரிஸில் கையில் இருந்தவை ஒடுங்கிய கருவிகளே. நீங்கள் பழகிய பெரிய அச்சு எல்லா இடத்திலும் பரவியது அதற்குப் பிறகு. அந்தப் பெரிய வகையில் பேர்போன கான் 88எச் வந்ததே 1954இல்.

இங்கே 'சின்ன ட்ராம்போன்' என்று ஆல்ட்டோவை நினைத்து வருபவர்களுக்கு ஒரு வரி: அது வேறு கதை. ஈ ஃபிளாட்டில் இருப்பதால் நீளமே குறைவு, பொசிஷன்கள் நெருங்கி வரும், ஸ்லைடைப் புதிதாகக் கற்க வேண்டும். அங்கே 11சி, 12சி அளவுகள் இயல்பாகவே பொருந்தும்.

உங்கள் விஷயத்தில் வரிசை இதுதான்: இந்த வாரம் கார்க்கும் கசிவும். கூடவே 12சியில் மெல்ல ஊதும் பயிற்சியும் ஹார்மோனிக் தாளும். அடுத்த வாரம் 6½ஏஎல் வந்தவுடன் அதே தாளை மறுபடி எழுதுங்கள். ஆறு வாரம் கழித்து மூன்றாம் தடவை. மூன்று தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும் மேல் எஃப்புக்கு மேலே எல்லாம் ஏறியே இருந்தால் எழுதுங்கள். அப்போது லீட்பைப் பற்றிப் பேசலாம்.